ராத்திரி முழித்துவிட்டு போடிமெட்டு இறங்காதே, தம்பி

அன்புத் தம்பிக்கு,

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேன். "அண்ணே, காலுல பலமே இல்ல, பத்தாவது வளைவுலேயே மூச்சு வாங்குது, சைக்கிள் இன்னும் கூட ஓட்டணும் போல"ன்னு சொல்லியிருந்தாய். ஓட்டியதெல்லாம் போதும். உனக்குக் குறைவது தூக்கம்.

கணக்குப் பார். ஏலக்காய் எடுப்பு தொடங்கியதிலிருந்து சாயங்காலம் போடியில் கிளம்பி, மெட்டு மலை ரோட்டில் ஏறி, பூப்பாறையில் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போகிறாய். ராத்திரி முழுக்க ஏலக்காய்க்குச் சூடு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொண்டு முழித்திருந்துவிட்டு, ஆறு மணிக்கு அதே சைக்கிளில் 17 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வருகிறாய். வீட்டில் எட்டு மணிக்குப் படுத்தால், பிள்ளை அழுகை, மிக்சி சத்தம், பன்னிரண்டுக்கு எழுந்துவிடுகிறாய். நாலு மணி நேரம்! இதை வைத்துக்கொண்டு பிஆர்எம் என்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறாய்.

உன் வாட்ச்சைப் பார்த்தாயா? இதயத்துடிப்பு போன மாதம் இருந்தபடியேதான் இருக்கிறது, ஏற எடுத்த நேரம்தான் கூடியிருக்கிறது. ஒரு ராத்திரி தூக்கம் போனால் இதயமும் நுரையீரலும் பெரிதாக மாறுவதில்லை, ஆனால் அதே வேகம் உடம்புக்குக் கூடுதல் பாரமாகத் தெரியும், மனசு சீக்கிரம் கைவிடச் சொல்லும். சின்ன ஸ்பிரின்ட் என்றால் சமாளித்துவிடலாம், மணிக்கணக்கான ஏற்றத்தில்தான் அடி விழும். 2019-இல் ஆஸ்திரேலியாவில் சைக்கிள், ட்ரையத்லான் வீரர்களை மூன்று ராத்திரி வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர சைக்கிள் ஓட்டத்தில் 3 சதவீதம் வேகம் கூடியது. நீ பல ஆயிரம் கொடுத்து வாங்கிய சக்கரம் அவ்வளவு தந்ததா?

ஏற்றத்தைவிட இறக்கம்தான் எனக்குப் பயம். 17 மணி நேரம் முழித்திருப்பவனின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவனுடையது மாதிரி ஆகிவிடும் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் விடுவது 30 வரைக்கும்தான். நீ பன்னிரண்டு மணிக்கு எழுந்தவன், காலை ஆறுக்கு 18 மணி நேரம் ஆகிவிடுகிறது.

எனக்கு நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் ராத்திரி முழுக்க முழித்துவிட்டு இதே ரோட்டில் இறங்கினேன். ஒரு வளைவு திரும்பியது ஞாபகம் இருக்கிறது, அடுத்தது சரளைக்கல்லில் டயர் கரகரவென்று உரசிய சத்தம், சுதாரித்துப் பார்த்தால் தடுப்புச் சுவர் முழங்கைக்குப் பக்கத்தில். நடுவில் இருந்த ரோடு எனக்கு இல்லவே இல்லை. கண் திறந்தபடியே மூளை ரெண்டு மூணு நொடி அணைந்துவிடும், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போய்விடுவாய். எதிரே எஸ்டேட் ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டு ஏறி வரும் நேரம் அது. அன்றைக்கு எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

கட்டன் டீ குடித்தால் தெளிவாகிவிடும் என்பாய். முழித்திருக்க முழித்திருக்க மூளையில் தூக்கத்தை வரவைக்கும் அடினோசின் என்கிற பொருள் சேரும், டீயில் இருக்கும் கஃபீன் அதை மறைக்கும், போக்காது. பாதி கஃபீன் கரையவே அஞ்சு மணி நேரம் போல ஆகும், அப்புறம் வீட்டில் எப்படித் தூக்கம் வரும்?

அதனால் நாளையிலிருந்து விடிந்ததும் கிளம்பாதே. ஸ்டோர் பின்கட்டிலேயே சாக்கை விரித்துப் படு, போனை அணைத்துவிடு, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் இறங்கு. தங்கச்சியிடம் நான் பேசிவிட்டேன், சாப்பாடு எடுத்து வைப்பாள். நாளைக்கு மூணு மணிக்கு மலையடிவாரத்து முந்தலில் நிற்கிறேன், நீ வந்து சேர்ந்ததும் சேர்ந்தே வீட்டுக்குப் போவோம்.

உன் அண்ணன்