காடாத் துணிக்கும் கைநாட்டுக்கும் நன்றிங்க

பல்லடம், சோமனூர் வட்டாரத்து மக்களுக்கு வணக்கமுங்க.

அணு ஆயுதத் தடை ஒப்பந்தக் கூட்டங்களுக்கு இந்தியா பார்வையாளராகவாவது போகவேண்டும் என்று மக்களவைக்கு ஒரு மனு. அதற்காக ஆகஸ்ட் 6 முதல் 9 வரை, ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்த நாட்களையொட்டி, கையெழுத்து வாங்கினோம். 2017 ஜூலை 7 அன்று 122 நாடுகள் வாக்களித்து நிறைவேற்றிய ஒப்பந்தம் இது. 2021 ஜனவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியா இன்னும் சேரவில்லை. சேராத நாடும் கூட்டத்தில் போய் உட்காரலாம், அதைத்தான் கேட்டிருக்கிறோம்.

முதல் நன்றி, விடிகாலையில் பால் சொசைட்டி வாசலில் மேசை போட்ட அக்காமார்களுக்கு. மக்களவை விதி கறாரானது. கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஒரு தாளுக்கு மேல் போனால், ஒவ்வொரு தாளின் மேலேயும் கோரிக்கை வாசகம் திரும்ப வரவேண்டும். வெறும் தாளில் வாங்கிப் பின்னால் குத்திச் சேர்த்தால் ஆகாது. அக்காமார்கள் தாளுக்கு 15 கட்டம் மட்டும் போட்டு, முகவரிக்கு இரண்டு வரி இடம் விட்டார்கள். ‘மாரியம்மன் கோயில் வீதி’ என்று எழுதியவர்களை நிறுத்தி, எந்த ஊரு மாரியம்மனுங்க என்று கேட்டு எழுத வைத்தார்கள். பால் கறந்த ஈரக் கையோடு வந்தால் ரேகை தீற்றிக்கொள்ளும் என்று ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துத் துடைக்கச் சொன்னது எங்களுக்குத் தோன்றாத யோசனை.

தமிழ் மனுவோடு இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு, மனுதாரர் கையொப்பத்துடன் இருக்கவேண்டும். இரண்டு இரவு உட்கார்ந்து அதை முடித்துக் கொடுத்த ஆசிரியருக்கு நன்றி. பின்னிணைப்பு எதுவும் கூடாது என்று படங்களையெல்லாம் கழற்றியவரும் அவர்தான். இனி ஓர் உறுப்பினர் மேலொப்பமிட்டு அவையில் வைக்கவேண்டும்.

கையெழுத்து வாங்கியதோடு நாங்கள் வைத்த படக் கண்காட்சியில் கூட்டம் அதிகம் நின்றது பால்பல் படத்தின் முன்னால். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் 1970 வரை பெற்றோர் தங்கள் குழந்தைகளின் சுமார் 3,20,000 பால்பற்களை ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். வெட்டவெளி அணுகுண்டுச் சோதனைகளில் கிளம்பும் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் புல்லில் படிந்து, மாட்டுக்குள் போய், பாலில் இறங்கி, சுண்ணாம்புச் சத்தைப் போலவே பல்லில் சேர்ந்துவிடும். குழந்தை எப்போது பிறந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்தப் பல்லால் பயனில்லை. முகவரி இல்லாத கையெழுத்தும் அப்படித்தான். கறவைக்காரர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்கிய ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியருக்கு நன்றி.

“ஏனுங்க, கையெழுத்துப் போட்டா குண்டு கொறஞ்சுருமாக்கும்?” என்று கேட்டவர்களுக்கும் நன்றி. நல்ல கேள்வி. 1954-இல் பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. தோக்கியோவின் சுகினாமி பகுதிப் பெண்கள் கையெழுத்து இயக்கத்தை முன்னெடுக்க, அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுக்க 3 கோடிக்கும் மேல் சேர்ந்தது. 1963-இல் வெட்டவெளிச் சோதனைகளுக்குத் தடை வந்ததில் இப்படிப்பட்ட மக்கள் அழுத்தத்துக்குப் பங்குண்டு. ஆனால் பூமிக்கடியில் சோதனை தொடர்ந்தது, அதையும் மறைக்காமல் சொன்னோம்.

பேனருக்குக் காடாத் துணி கொடுத்த தறிக்காரருக்குத் தனி நன்றி. பாவில் ஏற்றிய கஞ்சி போகாமல் எழுதினால் மை ஊறாது, முதல் மழையில் உதிரும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, வெந்நீரில் அலசி, காயவைத்துத் தேய்த்த பிறகே எழுதவேண்டும் என்றார். துணி சுருங்கும் என்று ஒரு முழம் கூடவே வெட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மழையிலும் எழுத்து நின்றது. வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் பேனர்களை இரவல் தருகிறோம்.

டீக்கடை பெஞ்சு இரண்டும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து போட்டுவிடுகிறோமுங்க.