காஸ்டிங் ஷீட்டை யார் யார் பார்க்கிறார்கள்? திருப்பூர் பனியன் நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

இருபது, முப்பது தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கும், வெளிநாட்டு பையருக்காக (வாங்குபவருக்காக) இங்கே ஆர்டர் பேசும் பையிங் ஏஜென்ட் வழியாகவோ நேரடியாகவோ ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனங்களுக்கும் இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களில் கணினிப் பாதுகாப்புக்கென்றே தனி ஆள் உண்டு. உங்களிடம் இருப்பது ஒரு கணக்கர், ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர், கூப்பிட்டால் வந்து பார்க்கும் என்னைப் போன்ற ஒருவர், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு போட்ட ஏதாவது ஒரு காஸ்டிங் ஷீட்டை, அதாவது ஒரு பீஸுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்ட தாளை, கூகுள் டிரைவில் திறந்து, வலப்பக்க மூலையில் இருக்கும் ‘ஷேர்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒரு பெயர்ப் பட்டியல் வரும். நான் போகும் இடங்களில் அதில் வழக்கமாக இருப்பவர்களைச் சொல்கிறேன். வேலையை விட்டுப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்ட பழைய மெர்ச்சண்டைசர், அதுவும் தன் சொந்த ஜிமெயில் முகவரியோடு. பிரிண்டிங் யூனிட்டில் ஒருவர். கொடுக்கல் வாங்கல் முறிந்துபோன ஒரு பையிங் ஏஜென்ட். யாருடையது என்று யாருக்குமே தெரியாத ஒரு முகவரி. இத்தனைக்கும் கீழே, இணைப்பு கையில் இருக்கும் எவரும் பார்க்கலாம் என்று ஒரு வரி. அந்த இணைப்பு எத்தனை வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். நூல் விலை, நிட்டிங் கூலி, டையிங், வேஸ்டேஜ், கடைசிக் கட்டத்தில் உங்கள் லாபம், எல்லாம் அந்த ஒரே ஷீட்டில் இருக்கின்றன. பீஸுக்குச் சில காசுகளுக்காகப் பையரோடு மல்லுக்கட்டுகிற ஊரில் இது நடக்கிறது.

“கூகுள்காரன் பார்த்துக்கொள்ள மாட்டானா?” என்பது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. அவர்கள் பார்த்துக்கொள்வது அவர்களுடைய கட்டடத்தை. குடோனை வாடகைக்கு விட்டவர் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வார். சாவியை நீங்கள் யார் யாரிடம் கொடுத்தீர்கள் என்பது அவர் கணக்கில் வராது. கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான் மூன்றுமே இந்தப் பொறுப்புப் பிரிவினையை எழுத்தில் வைத்திருக்கின்றன.

சிறியவர்கள்தான் இப்படி அசட்டையாக இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் கிளவுடில் (இணையவழிச் சேமிப்பிடத்தில்) ஒரு செட்டிங் தவறாக இருந்ததால், சுமார் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வாகனத் தகவல்கள் 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை வெளியார் எட்டும் நிலையில் கிடந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அமேசான் தன் கிளவுடில் புதிதாகத் திறக்கும் எல்லாச் சேமிப்பிடங்களுக்கும் பொதுப் பார்வையைத் தடுக்கும் பூட்டைத் தானாகவே போட்டுக் கொடுக்கத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன் திறந்தவை தாமாக மாறிவிடவில்லை. உங்கள் வலைத்தளத்தை வடிவமைத்தவர் ஆறேழு ஆண்டுகளுக்கு முன் சாம்பிள் படங்களை அங்கே போட்டிருந்தால், அது இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மின்னஞ்சல். ஏற்றுமதியாளர்கள் பலர் பணத்தை இழப்பது இந்த வழியில்தான். உங்கள் மெயிலுக்குள் நுழைந்தவன் உடனே எதையும் திருடுவதில்லை. இன்வாய்ஸ், பேமென்ட் என்ற சொற்கள் உள்ள கடிதங்கள் தனக்கு ஒரு நகல் வரும்படியும், உங்கள் இன்பாக்ஸில் தலைகாட்டாதபடியும் ஒரு விதியை எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். ஷிப்மென்ட் கிளம்பியதும், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று உங்கள் முகவரியிலிருந்தே பையருக்குக் கடிதம் போகிறது. பையர் கேட்கும் சந்தேகமும் உங்கள் கண்ணில் படாது. அவனே பதில் எழுதிவிடுவான். விஷயம் தெரிந்து நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும். ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஃபில்டர்’, ‘ஃபார்வர்டிங்’ என்று இரண்டு பகுதிகள் உண்டு. உங்கள் கடிதங்கள் அறியாத முகவரிக்குப் போகின்றனவா என்று பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது பேக்கப். கோட் ஸ்பேசஸ் என்று ஒரு சிறு நிறுவனம், மென்பொருள் எழுதுபவர்களின் வேலையைச் சேமித்துவைக்கும் தொழில் செய்தது. 2014 ஜூனில் அதன் அமேசான் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒருவன் புகுந்து பணம் கேட்டான். நிறுவனத்தார் பாஸ்வேர்டுகளை மாற்றித் தங்கள் கணக்கை மீட்கப் பார்த்தார்கள். அவன் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்த வேறு நுழைவுகள் வழியாக வந்து அழிக்கத் தொடங்கினான். பேக்கப்புகளும் அதே கணக்கின் பிடியில் இருந்தன. 12 மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. நிறுவனம் கடையைக் கட்டியது. உங்கள் கணக்கு மென்பொருளான டேலியின் பேக்கப் எங்கே போகிறது? கணக்கர் உட்காரும் அதே கம்ப்யூட்டரில், அதே கூகுள் கணக்கில் என்றால் அதை ஒரு பிரதி என்றே எண்ண முடியாது. கழற்றி பீரோவில் வைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் வாரம் ஒரு முறை எடுத்து வையுங்கள்.

பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் (மொபைலுக்கு வரும் எண் போல) கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போட்டுவிடுங்கள். 2024இல் ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுடைப் பயன்படுத்திய பெரிய பெரிய நிறுவனங்களின் தரவு திருடுபோனது, இந்தச் சரிபார்ப்பு இல்லாத கணக்குகளில் திருட்டு பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்துதான்.

தொழிலாளர்களின் ஆதார் நகல்களும் வங்கிப் பாஸ்புக் பக்கங்களும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைக்காக உங்கள் டிரைவில் கிடக்கின்றன. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள், கேட்டதும் எடுத்துக் கொடுத்தவை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய காவல் இல்லாமல் வைத்திருந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. சிறு யூனிட்டுக்கு அவ்வளவு விதிப்பார்களா என்பது வேறு பேச்சு. அந்தப் பிள்ளையின் பெயரில் எவனோ கடன் வாங்கினால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்கும்?

இதையெல்லாம் என்னிடமே விட்டுவிடுவதாகப் பலர் சொல்கிறார்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்று என்னால் காட்ட முடியும். டையிங்காரர் நிறப் பட்டியலை மட்டும் பார்த்தால் போதுமா, விலையையும் பார்க்க வேண்டுமா, தம்பி மகனுக்கு வங்கிக் கடிதங்கள் தெரியலாமா என்பதை நான் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்காரும்போது, நிறுவனத்தின் டொமைன் (இணைய முகவரிப் பெயர்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எல்லாக் கணக்குகளையும் கட்டுப்படுத்தும் சூப்பர் அட்மின் யார், மீட்பு எண்ணாகக் கொடுத்த மொபைல் யார் சட்டைப்பையில் இருக்கிறது என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். உங்கள் சங்கக் கூட்டங்களில் நூல் விலைக்கும் ஜி.எஸ்.டி.க்கும் ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை இதற்குக் கொடுத்தால், காட்டித்தர நான் வருகிறேன்; கட்டணம் வேண்டாம்.

பையர் பணம் வேறு கணக்குக்குப் போய்விட்டதாகத் தெரிந்த அன்று மட்டும் செட்டிங்ஸைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பையரைத் தொலைபேசியில் பிடித்து, அவருடைய வங்கி வழியாகப் பணத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். மெயிலில் எதையும் அழிக்காதீர்கள், அவன் எழுதிய விதி உட்பட, போலீஸ் கேட்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் கணினிப் பணி செய்யும் ஒருவன்