முழு நைட்டும் கீழக்குயில்குடி வவ்வாலும்

அன்புள்ள பாண்டிக்கு,

கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. நாங்கள் முந்தின நாளே வந்துவிடுகிறோம். பந்தி மேற்பார்வைக்கு மட்டும் என்னைப் போட்டுவிடாதே மாப்ள, கந்தவேல் அண்ணன் வீட்டு விசேஷத்தில் அப்பளத்துக்காக நான் பட்டது போதும். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, திட்டுகிற குரலும் அப்படியேதான்.

உட்கார்ந்து எழுதுவது வேறு விஷயத்துக்கு. கார்டிங்கில், அதுதான் பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கிற பிரிவில், ஒரு பையனுக்கு விரல் போய்விட்டது. நீ மில்லை விட்டுப் போனபிறகு சேர்ந்தவன், உனக்குத் தெரியாது. ஆனால் அவன் மாமனார் உனக்குத் தெரியும், நம்ம ரீலிங் முத்தையா. முழு நைட், அதாவது ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை. விடிகாலை நாலரை இருக்கும். பஞ்சு சுற்றிக்கொண்டது. மிஷினை அணைத்தான், மூடியைத் திறந்தான், கையை விட்டான். அணைத்த பிறகும் சிலிண்டர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அது நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று கார்டிங்கில் நாலு நாள் வேலை பார்த்தவனுக்கே தெரியும். இவன் புதிதாக வருகிறவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறவன். அன்றைக்கு நான்தான் ஷிப்ட் பொறுப்பு. துணியைச் சுற்றிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி வேனில் கூட்டிப் போகும்போது அவன் கத்தவில்லை, அழவில்லை. "நான் எப்பண்ணே கைய விட்டேன்?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டு வந்தான்.

விசாரணை முடிந்து ரிப்போர்ட் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஒரே வரி: தொழிலாளியின் கவனக்குறைவு. அவ்வளவுதான், கையெழுத்து, சீல், பைல் மூடியாயிற்று.

அந்த வரி எனக்குச் செரிக்கவில்லை. பையனைப் பார்க்க இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மாவிடம் புலம்பினேன். அவர் கேட்டது ரெண்டே கேள்வி. அந்த வாரத்தில் அது எத்தனையாவது நைட்? ரெண்டாவது என்றேன். அதற்கு முந்தைய வாரம் என்ன ஷிப்ட்? பகல் என்றேன். "உங்க மில்லுல ஷிப்ட்டைத் தலைகீழா சுத்துறாங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்கப்புறம்தான் போனும் கையுமாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். உன் தங்கச்சி, ரிட்டயர்டு ஆகிற வயதில் பரீட்சைக்குப் படிக்கிறீர்களா என்று கேலி செய்கிறாள்.

விஷயம் இதுதான். நம் மூளைக்குள், ரெண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கே போகிற இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அதுதான் உடம்புக்குக் கடிகாரம். வெயில் தெரியாவிட்டாலும், மணி தெரியாவிட்டாலும் அது தானாக ஓடும். 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் கடிகாரம் இல்லாமல் ரெண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14ஆம் தேதி மேலே இருந்தவர்கள் போய், முடிந்துவிட்டது வா என்று கூப்பிட்டபோது, அவர் கணக்குக்கு அன்றைக்கு ஆகஸ்ட் 20தான்! மனசு வைத்திருந்த கணக்கு இருபது நாளுக்கு மேல் பிசகியிருந்தது, ஆனால் உடம்பு கிட்டத்தட்ட 24 மணிக்கு ஒரு சுற்று என்று தூங்கி எழுந்திருக்கிறது.

கிட்டத்தட்ட என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. பிற்பாடு ஹார்வர்டில் நுணுக்கமாக அளந்து 1999இல் சொன்னார்கள்: மனிதனின் உள்கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது சராசரியாக 24 மணி 11 நிமிடம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே. ஆக, பெரும்பாலானவர்களுக்கு உடம்பின் நாள் சூரியனின் நாளைவிட ஒரு துளி நீளம். அதனால் தூக்கத்தைப் பிந்திப் போடச் சொன்னால் உடம்பு எளிதாகக் கேட்கும், முந்திப் போடச் சொன்னால் முரண்டு பிடிக்கும். அதிலும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகராது.

இப்போது நம் மில் சக்கரத்தை நினைத்துப் பார். முழு நைட் முடிந்தால் அரை நைட் (மத்தியானம் ரெண்டிலிருந்து ராத்திரி பத்து), அரை நைட் முடிந்தால் பகல் (காலை ஆறிலிருந்து மத்தியானம் ரெண்டு), பகல் முடிந்தால் மறுபடி முழு நைட். ஒவ்வொரு வாரமும் எட்டு மணி நேரம் முந்தி! உடம்பு எந்தப் பக்கம் வராதோ அந்தப் பக்கமாகவே பிடித்து இழுத்திருக்கிறோம். ஒரு வாரம் முழுக்க இழுத்து அது ஏதோ பாதி நகர்ந்து வரும்போது ஷிப்ட் மாறிவிடும். நீயும் நானும் வாலிப வயதில் இதைத் தாங்கினோம், சரி. அரை நைட் முடிந்து சைக்கிளில் போகும்போது நீ பாலத்துச் சுவரில் போய்ச் சாய்ந்தாயே, பிராந்தி என்று உன் அப்பா அடித்தாரே, அதற்கும் இப்போது காரணம் தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லத்தான் அவர் இல்லை.

இதை யாரோ சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உப்பு ஏரிக் கரையில் பொட்டாஷ் எடுக்கிற ஒரு தொழிற்சாலை. அங்கேயும் நம்மைப் போலவே வாராவாரம் பின்பக்கமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். சார்லஸ் சைஸ்லர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் போய்த் திசையைத் திருப்பினார்கள்: பகல், அப்புறம் சாயந்தரம், அப்புறம் இரவு. வாரம் ஒருமுறை என்பதை ஒரு பகுதியினருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கினார்கள். ஆட்களுக்குத் திருப்தி கூடியது, வேலையை விட்டு ஓடுகிறவர்கள் குறைந்தார்கள், உற்பத்தியும் ஏறியது. 1982இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. 1982! நாம் அப்போது மில் வாசலையே பார்க்கவில்லை.

நாலரை மணி விஷயத்துக்கு வருகிறேன். உடம்புச் சூடு ஒரு நாளில் மிகக் குறைவாக இறங்குவது ஏறக்குறைய விடிகாலை 4 மணியிலிருந்து 5 மணிக்குள். சுதாரிப்பும் அதோடு சேர்ந்து இறங்குகிறது. கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், நடுவில் சில விநாடி மூளை மட்டும் இருக்காது. "எப்பண்ணே கைய விட்டேன்" என்றானே, அவனுக்கு நிஜமாகவே தெரியாது மாப்ள. த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் கோளாறு தொடங்கியது விடிகாலை 4 மணிக்கு, செர்னோபில் வெடித்தது இரவு 1.23க்கு என்றெல்லாம் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் நேரத்தின் தலையில் கட்டக்கூடாது, அங்கெல்லாம் மிஷினிலேயே கோளாறு இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருப்பவனிடம் பகல் பதினொரு மணிச் சுதாரிப்பை எதிர்பார்க்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்து வயிறு. கடிகாரம் தலையில் மட்டும் இல்லையாம். கல்லீரல், கணையம், குடல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உண்டு. தலையில் இருப்பது வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும், கல்லீரல் சாப்பாட்டைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும். முழு நைட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு கேன்டீனில் பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால், தலை நள்ளிரவு என்கிறது, கல்லீரல் மத்தியானம் போலிருக்கிறதே என்கிறது, கணையம் இன்சுலினைச் சரியாக விடமாட்டேன் என்கிறது. 2009இல் ஒரு பரிசோதனை: நல்ல ஆரோக்கியமான ஆட்களை 28 மணி நேர நாளில் வாழவைத்து, தூக்கமும் சாப்பாடும் தலைகீழாகப் போகும்படி செய்தார்கள். சில நாளிலேயே அவர்களில் சிலருக்கு, சாப்பிட்டபின் பார்த்த சர்க்கரை, நீரிழிவுக்கு முந்தைய கட்டத்துக்கு ஏறிவிட்டது. நம் ஷெட்டில் சுகர் மாத்திரை போடாதவர்களை எண்ணிவிடலாம். நாம் எல்லாரும் டீயில் போடுகிற சீனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

புற்றுநோயும் இதில் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007லேயே இரவு ஷிப்ட்டை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்கிற பட்டியலில் வைத்தது, 2019இல் மறுபடி பார்த்தும் எடுக்கவில்லை. உடனே பதறாதே, உறுதியாக உண்டாக்கும் என்கிற பட்டியல் வேறு. ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் இதே பட்டியலில்தான் இருக்கின்றன, உன்னைக் கறியை விடச் சொன்னால் விடவா போகிறாய்?

நீ தப்பித்தாய். பூ மார்க்கெட்டுக்கு விடிகாலை ரெண்டரைக்கு எழுந்திருக்கிறாயே என்று நான் பாவப்பட்டிருக்கிறேன். ஆனால் தினமும் அதே நேரம். ராத்திரி எட்டுக்குப் படுத்துவிடுகிறாய். நேரங்கெட்ட நேரம்தான், ஆனாலும் மாறாத நேரம், உடம்பு பழகிக்கொள்கிறது.

இனி வவ்வால் கதை. இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. கீழக்குயில்குடி குகை ஞாபகம் இருக்கிறதா? சமணர் மலைப் பக்கம், நீ உள்ளே போகமாட்டேன் என்று வெளியிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாயே? அதே இடத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் பல வருஷம் வவ்வாலை வைத்தே இந்தக் கடிகாரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். இருட்டுக் குகைக்குள் கூண்டில் வவ்வாலை அடைத்தார்கள். சூரியன் தெரியாது. ஆனால் சுற்றி இருக்கிற கூட்டம் சாயந்தரம் கிளம்பிப்போய் விடிகாலை திரும்பி வருகிறதே, அந்தச் சந்தடியை வைத்தே கூண்டு வவ்வாலும் தன் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. கூட்டமே இல்லாத வேறு குகையில் அடைத்தபோது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் நகர்ந்து, உலகத்தோடு ஒட்டாமல் போய்விட்டது. மனிதர்களை மணியும் வெயிலும் தெரியாமல் தங்கவைத்துப் பார்க்க ஓர் அறைகூட நம் பல்கலைக்கழகத்தில் கட்டியிருந்தார்கள். நாம் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தோம், ஒரு பயலும் நமக்குச் சொல்லவில்லை.

சரி, மில்லில் நான் போடுகிற சண்டைக்கு வருகிறேன். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். நைட் ஷிப்ட்டே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஸ்பிண்டில் நின்றால் சம்பளம் நிற்கும், அது எனக்குத் தெரியாதா? திசையை மாற்றுங்கள், கார்டிங்கில் மூன்றரையிலிருந்து ஐந்து வரை சுத்தம் செய்கிற வேலையை ஒற்றை ஆளிடம் விடாதீர்கள், ரெண்டு மணிப் பரோட்டாவை நிறுத்திவிட்டுப் பத்து மணிக்கு முன்னால் சாப்பாடு, நடுவில் ஏதாவது லேசாகக் கொடுங்கள், இவ்வளவுதான். அவர் படித்தார், பரவாயில்லை, முழுக்கப் படித்தார். "யோசிப்போம்" என்றார். அந்த யோசிப்போம் உனக்குத் தெரியும்.

ஆனால் அவரைவிடப் பெரிய முட்டுக்கட்டை நம்ம ஆட்களே. யூனியனில் பேசினால் கத்துகிறார்கள். காரணம் ஞாயிற்றுக்கிழமை. இப்போதைய முறையில் சனி மத்தியானம் ரெண்டுக்குப் பகல் முடித்தால் திங்கள் ராத்திரி பத்து மணிக்குத்தான் முழு நைட், ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாம். திசையைத் திருப்பினால் முழு நைட் முடித்து ஞாயிறு காலை ஆறுக்கு வெளியே வருகிறவன் திங்கள் காலை ஆறுக்கு உள்ளே நிற்கவேண்டும். தூங்கி எழுவதற்குள் லீவு முடிந்துவிடும். "உங்க கடிகாரம் எங்களுக்குச் சோறு போடுமா?" என்று கேட்டான் ஒருத்தன். அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அந்த ஒரு திங்கட்கிழமையை எப்படிச் சமாளிப்பது என்று தாளில் கோடு போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். அந்த வாரம் மட்டும் திங்களும் லீவு கொடுத்து மாற்றாள் போடலாம், அதற்கு ஆள் வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் அந்தக் கஷ்டம் எப்போதாவதுதான் வரும், ஆனால் மூன்று வாரம் தொடர்ந்து நைட் என்றால் வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதினேன். உன் மச்சினன் இருக்கிற மில்லில் எந்த வரிசையில் மாற்றுகிறார்கள், அந்த ஞாயிறு திங்களை என்ன செய்கிறார்கள் என்று கேட்டுச் சொல். "எந்த மில்லுல செய்யிறாங்க?" என்றுதான் மேனேஜர் முதலில் கேட்பார், கையில் ஓர் உதாரணம் இருந்தால் பேச வசதி. கல்யாண வேலைக்கு நடுவில் தொந்தரவுதான், ஆனால் மச்சினன் எப்படியும் பந்தக்கால் அன்றைக்கே வந்து சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருப்பான், எழுப்பிக் கேள்.

பையன் நன்றாக இருக்கிறான். ரெண்டு விரல் நுனி போனதோடு தப்பித்தது. திரும்ப வேலைக்கு வந்தால் கார்டிங் வேண்டாம், குடோனில் போடச் சொல்லியிருக்கிறேன். முத்தையாவைக் கல்யாணத்தில் பார்த்தால் நீயாக இந்தப் பேச்சை எடுக்காதே.

அன்புடன்,
சுப்பு