பேத்தியின் தலைமுடி: கமலாவுக்கு ஒரு பதில்

டெகேட்டர், ஜார்ஜியா

அன்புள்ள கமலா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். துணி காயப்போடுவதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

பேத்தி போட்டோவைப் பார்த்துவிட்டு, "பிள்ளை தலையை ஏன் இப்படிப் பரட்டையா விட்டிருக்கீங்க, எண்ணெய் வச்சு இறுக்கமா ரெட்டைச் சடை போட்டா என்ன" என்று கேட்டிருந்தாய். உன்மேல் வருத்தம் எதுவும் இல்லை. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. என் மருமகள் கறுப்பின அமெரிக்கப் பெண், பேத்திக்கும் அவள் வழியில் வந்த சுருட்டை முடிதான். இந்த வீட்டுப் பெண்கள் அந்த முடிக்காகப் பட்ட பாடு அவ்வளவு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்தப் போட்டோ எடுத்ததற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தொடங்கி விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அந்தத் தலைக்குத்தான் வேலை நடந்தது. நம்ம வீட்டுச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி, இங்கே தலை அலசுகிற நாளுக்கென்று ஒரு முறை உண்டு. குழந்தை தரையில் தலையணை போட்டு உட்காருவாள், மருமகள் பின்னால் சோபாவில். தலையை நாலு பாகமாக வகிடெடுத்துக் கிளிப் மாட்டுவாள். ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, கண்டிஷனரை வழிய வழியப் பூசுவாள். உடனே சீப்பை எடுக்க மாட்டாள். முடி நுனியில் விரலை விட்டு, சிக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே மெல்ல மேலே வருவாள். வேரிலிருந்து கீழே இழுத்தால் சிக்கு இறுகி முடி அறுந்துவிடும். விரல் தடையில்லாமல் ஓடின பிறகுதான் அகலப் பல் சீப்பு. காய்ந்த தலையில் சீப்பு படவே கூடாது. அந்தப் பாகம் முடிந்ததும் முறுக்கிக் கிளிப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவாள். அலசி முடித்து, ஈரம் இருக்கும்போதே கிரீமும் கொஞ்சம் எண்ணெயும் தடவி, இரண்டிரண்டு புரியாகத் தலை முழுக்க முறுக்கிவிடுவாள். ராத்திரி சாட்டின் துணியில் தைத்த தொப்பி. பருத்தித் தலையணை உறை முடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும், உரசி உரசி முடியும் உடையும். மறுநாள் முறுக்கைப் பிரித்தால் வருகிற பூரிப்புதான் நீ போட்டோவில் பார்த்தது.

இவ்வளவு எதற்கு என்றால், அந்த முடியின் அமைப்பே வேறு. தோலுக்குள் அது முளைக்கிற குழியே வளைந்திருக்கும். முடியின் குறுக்குவெட்டும் வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கும். தலைத்தோலில் ஊறுகிற எண்ணெய்ப்பசை நேர்முடியில் நுனி வரை தானாக இறங்கிவிடும். சுருள் சுருளாகப் போகிற முடியில் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால் நுனி எப்போதும் வறண்டு கிடக்கும், சுழலுகிற ஒவ்வொரு இடத்திலும் உடையப் பார்க்கும். ஈரமாக இழுத்துப் பிடித்தால் பேத்தியின் முடி முதுகில் பாதிக்கு வரும் கமலா, காய்ந்துவிட்டால் காதோடு நின்றுவிடும். நீ சொன்ன இறுக்கமான சடைதான் அதற்கு ஆகவே ஆகாது. வருஷக்கணக்கில் இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடி வேரோடு போய்விடும். தோல் டாக்டர்கள் அதற்கு டிராக்ஷன் அலோபீஷியா என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

என் சம்பந்தியம்மா அலபாமாவில் மாண்ட்கமரியில் பிறந்து வளர்ந்தவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமை ராத்திரி என்றால் சமையலறையில் அடுப்பு எரியும், அதன்மேல் இரும்புச் சீப்பு காயும். மறுநாள் சர்ச்சுக்குப் போக வேண்டுமே. அம்மா மகளின் தலையில் பசையைத் தடவி, பழுக்கக் காய்ந்த சீப்பால் இழுத்து இழுத்து முடியை நேராக்குவார். காதைக் கையால் மடக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய இடது காது மடலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. இத்தனைக்கும், மழையில் நனைந்தாலோ வியர்த்தாலோ முடி மறுபடி சுருண்டுவிடும்.

அதற்கப்புறம் வந்தது ரிலாக்சர் என்ற ரசாயனப் பூச்சு. அதில் ஒருவகை சோடியம் ஹைட்ராக்சைடு, சாக்கடைக் குழாய் அடைப்பை எடுக்கப் போடுகிறோமே, அந்தக் காஸ்டிக் சோடாதான். முடியிலுள்ள புரதத்தின் பிணைப்பை உடைத்து நிரந்தரமாக நேராக்கிவிடும். ஆனால் வேரிலிருந்து புதிதாக வளருவது சுருட்டையாகத்தானே வரும்? ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கொஞ்ச நேரம் கூடிவிட்டால் தலைத்தோல் வெந்துவிடும். என் மருமகளுக்கு எட்டு வயதில் முதல் தடவை பூசினார்களாம். சிறுமிகளுக்கென்றே தனிப் பெட்டி விற்றார்கள், மேலே ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும் படத்தோடு. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

2022-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 வருஷம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். முடியை நேராக்கும் ரசாயனத்தை வருஷத்தில் நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்று கணக்கு வந்தது. அதுதான் காரணம் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை, தொடர்பு இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் அந்தச் செய்தி வந்த ராத்திரி சம்பந்தியம்மா போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் அழுதுவிட்டார். தன் கையால் பூசியதாயிற்றே.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். 1972-ல் கல்லூரிப் பெண்ணாக அவரும் பெரிய அஃப்ரோ, அதாவது சுருள் முடியை அப்படியே தலையைச் சுற்றிப் பந்து மாதிரி விடுகிற அலங்காரம், வைத்திருந்தார். அந்தப் போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. கறுப்பு அழகு என்று ஊரே முழங்கிய காலம் அது. படிப்பு முடிந்து ஒரு அலுவலகத்தில் நேர்காணலுக்குப் போனபோது, வேலை வேண்டுமென்றால் தலையைச் சரிசெய்துகொண்டு வா என்று சொல்லி அனுப்பினார்களாம். மறுவாரமே முடியை நேராக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வீட்டில் அவர் சம்பளத்தை எதிர்பார்த்துத் தம்பி தங்கைகள் இருந்தார்கள். அப்புறம் ஓய்வு பெறுகிறவரை தன் சொந்த முடியை அவர் பார்க்கவே இல்லை.

அவர் பயந்ததில் ஒரு தப்பும் இல்லை. ரெனே ராஜர்ஸ் என்ற பெண் நெற்றியிலிருந்து ஒட்டிப் பின்னிய சடையோடு வேலைக்கு வர அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தடை போட்டது. 1981-ல் நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. சடை என்பது வேண்டும்போது மாற்றிக்கொள்ளக்கூடியது, பிறவியில் வந்ததல்ல என்று சொல்லிவிட்டார்கள். 2010-ல் அலபாமாவின் மொபைல் நகரத்தில் சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்பவருக்கு வேலை கொடுத்த நிறுவனம், அவர் தன் ஜடாமுடியை வெட்ட மறுத்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவருக்காகப் போட்ட வழக்கும் 2016-ல் மேல்முறையீட்டில் தோற்றது. மிஷேல் ஒபாமாவே வெள்ளை மாளிகையில் இருந்த எட்டு வருஷமும் முடியை நேராக்கித்தான் வைத்திருந்தார். சடை போட நாடு இன்னும் தயாராகவில்லை என்று நினைத்ததாகப் பின்னால் அவரே சொன்னார். 2022-ல் தன் உருவப்படத் திறப்புக்கு அங்கே சடையோடு வந்தார். டிவியில் அதைப் பார்த்தபோது சம்பந்தியம்மா எழுந்து நின்றே கைதட்டினார்.

இதெல்லாம் நேற்று தொடங்கியதும் இல்லை. 1786-ல் லூசியானாவை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் மிரோ, கறுப்பினப் பெண்கள் வெளியே வரும்போது தலையைத் துணியால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடிமைகளாக இல்லாத பெண்களுக்கும் அதே சட்டம். அவர்கள் அழகாகச் சிங்காரித்துக்கொண்டு நடந்தது கண்ணை உறுத்தியிருக்கிறது. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பளிச்சென்ற துணிகளை விதவிதமாகச் சுற்றிக்கட்டி அதையே ஊர் மெச்சும் அலங்காரமாக்கிவிட்டார்கள். நம்ம மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போன கட்டம்போட்ட துணியும் அதில் உண்டு.

மேடம் சி. ஜே. வாக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1867-ல், அடிமைகளாக இருந்து விடுதலையான அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர். துணி வெளுத்துப் பிழைத்தவர். முடி கொட்டித் தலை வெறுமையானபோது தலைத்தோலுக்கான களிம்பும் தைலமும் விற்கத் தொடங்கி, இண்டியானாபொலிஸில் தொழிற்சாலையே கட்டினார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் அதனால் சொந்தக் காலில் நின்றார்கள். சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் என்று அவர்மேல் பழி போடுகிறார்கள், அது உண்மையில்லை. தலை கழுவக்கூடத் தண்ணீர் வசதி இல்லாத காலத்தில் தலையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்த பெண் அவர். எனக்கு அவர்மேல் மரியாதைதான்.

என் மருமகள் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ரிலாக்சரை நிறுத்தினாள். இரண்டு விரல் நீளம் சொந்த முடி வளர்ந்ததும் நேராக்கிய முடி முழுவதையும் வெட்டி எறிந்தாள். இங்கே அதை பிக் சாப் என்பார்கள். எட்டு வயதிலிருந்து தன் தலையில் என்ன முளைக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. எந்தக் கிரீம் சேரும், எத்தனை நாளைக்கு ஒருமுறை அலசலாம், எதற்கு உடையும், எல்லாமே முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டதுதான். பிடரியில் ஒருவிதச் சுருள், உச்சியில் வேறுவிதம். முதலில் அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சு வார்த்தையே குறைந்துபோனது. ஆபீசில் என்ன சொல்வார்கள் என்று அம்மா. என் மகள் தன் தலையை வெறுத்து வளரக்கூடாது என்று இவள். இரண்டுமே பிள்ளைமேல் உள்ள பாசம்தான். ஒரு நாள் சம்பந்தியம்மா பேத்தியின் சுருளை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, தன்னுடையதும் இப்படித்தானா என்று கேட்டார். இப்போது அவர் தலையில் வெள்ளை வெளேரென்ற குட்டைச் சுருள் முடி. எழுபதைத் தாண்டியும் அவ்வளவு அழகாக இருக்கிறார்.

2019-ல் கலிபோர்னியாவில் செனட்டர் ஹாலி மிட்செல் கொண்டுவந்த கிரவுன் சட்டம், இயற்கையான முடியையோ சடையையோ காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக்கூடாது என்றது. அதற்குப் பின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் வந்துவிட்டது. நாடு முழுவதற்குமான மசோதா 2022 மார்ச்சில் கீழவையில் 235-க்கு 189 என்று நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. தலையில் முளைப்பதை அப்படியே வைத்துக்கொள்ளச் சட்டம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இயற்கை முடி வைக்காதவர்கள் ஏதோ தோற்றுப்போனவர்கள் என்று நினைத்துவிடாதே. மருமகளின் சித்தி மகள் ஒட்டுமுடிதான் வைக்கிறாள். இரண்டு வேலை பார்க்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க எங்கே கிடைக்கும்? இங்கே விற்கிற ஒட்டுமுடியில் இந்திய முடிக்குத் தனி மவுசு. பழனியிலும் திருமலையிலும் மொட்டை போட்ட முடி ஏலத்தில் போய்க் கடல் தாண்டி வருகிறது. நீயும் நானும் பழனியில் இறக்கியது யார் தலையில் சேர்ந்ததோ என்று அன்று அவளிடம் சொன்னேன், கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சரி, ஒரு உதவி. சம்பந்தியம்மா நெற்றியோர முடிக்கு ஜமைக்கா விளக்கெண்ணெய் தடவுகிறார். ஆமணக்கு விதையை வறுத்து இடித்துக் கொதிக்கவைத்து எடுப்பது, கறுப்பாக இருக்கும். உங்க அத்தை ஊரில் கொட்டையை வறுத்து உரலில் இடித்துக் காய்ச்சி எடுப்பார்களே, அதைப்பற்றிச் சொன்னதிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. அது முடியை வளர்க்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று மருமகள் சொல்வாள், வறளாமல் காக்கும் என்பதை அவளும் ஒத்துக்கொள்கிறாள். உன் தம்பி மகன் டிசம்பரில் அட்லாண்டா வருகிறான் என்று எழுதியிருந்தாயே, அவனிடம் ஒரு பாட்டில் கொடுத்துவிடு. கையில் எடுத்துவரும் பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டி வைக்கச் சொல். வறுத்து எடுத்ததுதானா என்று ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொள்.

அன்புடன்,
மீனாட்சி