நாய்க்கும் பூனைக்கும் 'செட் மாத்திரை' வேண்டாம்: தருமபுரி, கிருஷ்ணகிரி மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"நாய் ரெண்டு நாளா சாப்பிடல, ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று உங்கள் கடைக்கு ஆள் வருவது எனக்குத் தெரியும். கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நோய் முற்றிய பிறகு மாட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கையில் அந்த மாத்திரை அட்டையின் மிச்சம் இருக்கும். பெரும்பாலும் ஒரே கூட்டணிதான்: ஆன்டிபயாடிக்கில் அமாக்சிசிலினோ செஃபிக்சிமோ ஒன்று, பாராசிட்டமால் ஒன்று, வலிக்கு டைக்ளோஃபெனாக் ஒன்று. மனுஷனுக்குக் கொடுக்கிற அதே செட்.

முதலில் பூனையைச் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். வீட்டாரோ காய்ச்சல் முத்திவிட்டது என்று நினைத்து இன்னொரு மாத்திரை வாங்க உங்களிடமே வருவார்கள். நாய்க்கு டைக்ளோஃபெனாக்கும் ஐபுபுரூஃபனும் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சரி, ஆன்டிபயாடிக்கை மட்டும் தனியாகக் கொடுத்தால்? அதிலும் சிக்கல்தான். குட்டி நாய் ரத்தமாகப் பேதியானால் பார்வோவாக இருக்கலாம். அது வைரஸ், எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. குட்டியைக் காப்பாற்றுவது டிரிப்பும் வாந்தியை நிறுத்தும் ஊசியும். டாக்டர் ஆன்டிபயாடிக் போட்டால், அது புண்ணான குடல் வழியாக ரத்தத்தில் நுழையும் பாக்டீரியாவுக்காக. கேப்சூல் கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்கிற ஒவ்வொரு மணி நேரமும் குட்டிக்கு நஷ்டம். முடி கொட்டிச் சொறி பிடித்தால், பல நேரம் அடியில் இருப்பது சொறிப்பூச்சியோ பூஞ்சையோதான். பூனைகள் கடித்துக்கொண்ட இடத்தில் கட்டி வந்தால், கீறிச் சீழை எடுத்துக் கழுவுவதுதான் முதல் வைத்தியம்.

மருந்து சரியாகவே இருந்தாலும் அளவும் நாளும் தப்பிவிடும். மாந்தோப்புக் காவல் நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் நல்ல மருந்து. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் கணக்கில், வழக்கமாக 28 நாள் கொடுப்போம். கடையில் வாங்குகிறவர் அஞ்சு நாளைக்கு வாங்குவார். மூணாம் நாள் நாய் சோறு தின்றதும் நிறுத்திவிடுவார். அதே மாத்திரையைப் பூனைக்குத் தண்ணீரில்லாமல் போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகி, பிறகு குழாயே சுருங்கிவிடக்கூடும். பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடவேண்டும் என்று யார் சொல்லி அனுப்புகிறார்கள்? என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் பூனைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் கண் பார்வையே போகலாம். 4 கிலோ பூனைக்கும் 30 கிலோ லாப்ரடாருக்கும் 'பாதி மாத்திரை' என்று ஒரே பதில் சொல்வதை இனியாவது விடவேண்டும்.

சட்டத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டவணை எச் மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும், இன்னும் கடுமையான எச்1 பட்டியலில் செஃபிக்சிமும் இருக்கிறது. அதை விற்றால் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் பதிவேட்டில் ஏறவேண்டும், பதிவேடு மூன்று வருஷம் இருக்கவேண்டும். நாய்க்கென்று கேட்டவருக்கு நீட்டிய அட்டையை அதில் யார் பெயரில் எழுதுகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த நாய் வீட்டுத் திண்ணையில்தான் படுக்கிறது, குழந்தையின் கையை நக்குகிறது. அதன் குடலிலும் தோலிலும் மருந்துக்கு அடங்காமல் வளரும் பாக்டீரியா அந்த வீட்டு மனிதர்களுக்கும் தொற்றலாம். நாளைக்கு அவர்களும் உங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.

உங்கள் பதிலும் எனக்குத் தெரியும்: "நான் குடுக்கலன்னா அடுத்த கடையில வாங்கிக்குவாங்க." உண்மைதான். அதனால்தான் தனிக் கடைக்கு எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வாங்க வருகிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அஞ்செட்டி மலைக் கிராமத்திலிருந்து நாயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வரமுடியாது. வந்தாலும் டாக்டர் எங்கோ மாட்டுப் பிரசவம் பார்க்கப் போயிருப்பார். எங்கள் துறையில் அந்தக் குறை இருப்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆகவே, வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. பல கடை வாசலில் எடை மெஷின் இருக்கிறது. நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, அப்புறம் தனியாக ஏறிக் கழித்தால் நாயின் எடை வந்துவிடும். அந்த எடையையும், ஏற்கெனவே என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, டாக்டருக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். காயமென்றால் சலைன் பாட்டில் ஒன்று கொடுங்கள், கழுவட்டும். கடித்தது வெறிநாயாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வெறுங்கையால் காயத்தைத் தொடவிடாமல், கையுறை போட்டு சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவச் சொல்லி, உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். பழைய மாத்திரை மிச்சம் இருக்கிறது, அதையே போடலாமா என்று கேட்டால் கூடாது என்று சொல்லுங்கள். உங்கள் சொல்லுக்கு ஊரில் மரியாதை உண்டு.

உங்கள் சங்கத்தின் அடுத்த தாலுகா கூட்டத்தில் இதைப் பேசி, இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே முடிவாக எடுங்கள். அந்தந்த ஊர் மாட்டு ஆஸ்பத்திரி நேரமும் தொலைபேசி எண்ணும் போட்ட தாள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் போதும். பாலக்கோடு வட்டாரக் கடைகளுக்கு அந்தத் தாளை நானே எழுதி, நகலெடுத்துக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
பாலக்கோடு.