கோழி திருடாத பறவை

ரோஸ் பெல், மொரீஷியஸ்
அக்டோபர் 20

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரன் பிறந்த செய்தியை விஜயாவைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். தாயும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

கொல்லைப்புறத்து மாமரத்தில் வல்லூறு வந்து உட்கார்ந்ததையும், தவிட்டுக்குருவிகள் கூச்சல் போட்டதையும், கண் மூடித் திறப்பதற்குள் அது ஓணானைக் காலில் பற்றிக்கொண்டு தென்னைகளுக்கு நடுவே வளைந்து மறைந்ததையும் எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். உனக்கு அது வீட்டுக் கொல்லைக்கே வருகிறது. எங்கள் தீவையே வீடாகக் கொண்ட இரைகொல்லிப் பறவை ஒன்றே ஒன்றுதான், மொரீஷியஸ் கெஸ்ட்ரல். அதை இந்த வயதில்தான் அருகில் பார்த்தேன்.

போன சனிக்கிழமை பேத்தியோடு மாயேபூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபெர்னே பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். வழிகாட்டி இளைஞன் செத்த வெள்ளெலி ஒன்றை உயர்த்திக் காட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கள் தலைக்கு மேல் கிளையில் பழுப்பு நிறத்தில் ஒன்று அமர்ந்தது. வந்த சத்தமே கேட்கவில்லை. வெண்மார்பு முழுக்கக் கரும்புள்ளி, பெரிய கருவிழி. எலியை அவன் மேலே வீசியதும் பாய்ந்து, அது தரையைத் தொடும் முன்பே பற்றிக்கொண்டு, இலைகளுக்குள் புகுந்துவிட்டது. பேத்தி என் கையை விடவே இல்லை.

எடை கால் கிலோவுக்கு மேல் போகாது. உருவத்திலும் பறப்பிலும் உன் வல்லூற்றின் தம்பி போல இருந்தாலும், இனம் வேறு. பழந்தமிழில் எழால் என்கிறோமே, ஆங்கிலத்தில் ஃபால்கன், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அலகின் ஓரத்தில் சிறு பல் போன்ற முனை உண்டு. இரையின் கழுத்தைக் கடித்துக் கொல்லும். உன் பறவை கால் நகங்களால் இறுக்கியே கொன்றுவிடும். வெட்டவெளியில் வேட்டையாடும் மற்ற எழால்களுக்குச் சிறகு நீண்டு கூராக இருக்கும். இதற்கோ காட்டுக்குள்ளேயே வாழ்ந்து வாழ்ந்து குட்டையாகவும் முனை உருண்டும் போய்விட்டது. கிளைகளுக்கு நடுவே சட்டென்று திரும்ப அதுதான் தோது. முக்கிய உணவு மரத்தில் ஓடும் பச்சைப் பல்லி.

பல்லி தின்னும் இந்தப் பறவைக்கு இங்கே பேசும் கிரியோல் மொழியில் வைத்த பெயர் ‘கோழி தின்னி’. அப்பாவும் அப்படித்தான் சொல்வார். எங்கள் வீட்டுக் கோழிக்குஞ்சுகளைக் கொண்டுபோனது கீரி. பழி மட்டும் பறவைக்கு. 1974இல் எனக்கு வயது பதினான்கு. கையில் எப்போதும் உண்டிவில் இருக்கும். பறவை எதுவும் என் கல்லில் விழவில்லை, ஆனால் அடித்தால் அப்பா மெச்சுவார் என்று நினைத்திருந்தேன். அந்த ஆண்டு காட்டில் எஞ்சியிருந்தவை நான்கே நான்கு என்று பல வருடங்கள் கழித்துப் படித்தபோது நெஞ்சு பதறியது. நான்கில் முட்டையிடும் பெட்டை ஒன்றுதான். இன்றிருக்கும் அத்தனையும் அந்த ஒரு ஜோடியின் வம்சம்.

கரும்புக்காகக் காட்டை வெட்டினார்கள். மலேரியாக் கொசுவுக்காக டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். கப்பலில் வந்த குரங்குகள் முட்டையைத் தின்றன. 1979இல் வேல்ஸ் நாட்டிலிருந்து கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் வந்தார். முதலில் இட்ட முட்டைகளை எடுத்து இயந்திரத்தில் பொரிக்க வைப்பார். பெட்டைக்குக் கூடுதல் தீனி வைப்பார். அது மறுபடியும் முட்டையிடும். இப்படி வளர்த்து 300க்கு மேல் காட்டில் விட்டார்கள். ஃபெர்னே இருக்கும் கிழக்கு மலைப் பக்கம் இனமே அற்றுப்போயிருந்தது. 1980களின் பிற்பகுதியில் அங்கேயும் கொண்டுவந்து விட்டார்கள். பேத்தி பார்த்தது அந்த வழியில் வந்ததுதான். 2022இல் இதைத் தேசியப் பறவையாகவும் அறிவித்தார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை. 2014இல் மறுபடி அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். குஞ்சை எவ்வளவு பொரித்தாலும் அது போய் வாழ மரம் வேண்டுமே! பழைய காடு நூற்றில் இரண்டு பங்குகூட மிச்சமில்லை. அதையும் சீனக் கொய்யா அடைத்துக்கொண்டு வளர்கிறது. நாங்கள் குடும்பத்தோடு போய்ப் பறித்து மிளகாய் உப்புப் போட்டுத் தின்கிறோமே, அதே கொய்யாதான். அடியில் வேறு எந்தக் கன்றையும் எழவிடாது. ஃபெர்னேயில் அதைக் களைந்து கருங்காலிக் கன்று நடுகிறார்கள். குனிய முடியாவிட்டாலும் தண்ணீர் ஊற்றவாவது வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

உன் வல்லூறு மறுபடி வந்தால் கண்ணைப் பார்த்து எழுது. நன்றாகச் சிவந்திருந்தால் ஆண். மஞ்சள் என்றால் பெட்டையாக இருக்கலாம். பேத்தி கேட்கிறாள்.

அன்புடன்,
வேலாயுதன்