இரட்டையர் புதிர்: எது சரி?

ஆசிரியருக்கு,

இரட்டையரில் ஒருவர் ஒளியின் வேகத்தை நெருங்கும் விண்கலத்தில் போய்த் திரும்பினால், பூமியில் தங்கியவரைவிட இளமையாக இருப்பார். ஒருவர் பார்வையில் மற்றவரும் நகர்கிறார்தானே, பிறகு இவர் மட்டும் ஏன் இளமை? ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையில் வரும் இந்த இரட்டையர் புதிர் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, விண்கலம் திரும்பும்போது ஏற்படும் முடுக்கமே (வேகமும் திசையும் மாறுவதே) பயணம் போனவரின் இளமைக்குக் காரணம் என்று முடிகிறது. எந்த இரு நிகழ்வுகள் 'ஒரே நேரத்தில்' நடந்தன என்பது ஆளுக்கு ஆள் மாறுவதே காரணம் என்பார்கள் வேறு சிலர். ஐன்ஸ்டைனோ 1918இல் ஈர்ப்புப் புலத்தை வைத்து விளக்கினார். வாசகர் குழம்பாமல் என்ன செய்வார்? இவை போட்டி விடைகள் அல்ல; ஒரே கணக்கை வெவ்வேறு இடத்தில் நின்று போடுவதுதான். மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாடிப்பட்டி வழியாகவும் போகலாம், நத்தம் வழியாகவும் போகலாம். நத்தம் வழியில் கிலோமீட்டர் கூடுகிறது. வண்டி திரும்பாமல் பாதை மாறாது, சரி. ஆனால் கூடுதல் தூரம் அந்தத் திருப்பத்தில் இல்லை, முழுப் பாதையிலும் இருக்கிறது. இடமும் காலமும் சேர்ந்த காலவெளியிலும் அப்படியே. ஒரே வேறுபாடு, அங்கே நேர்பாதையில் இருப்பவருக்குத்தான், அதாவது பூமியில் தங்கியவருக்குத்தான், அதிக காலம் ஓடும்.

உசிலம்பட்டிப் பக்கம் பிளஸ் டூ வகுப்பெடுத்தபோது நான் முடுக்கம் என்றேன். டியூஷனில் வேறு சொல்லியிருந்தார்கள். "எது சார் சரி?" என்று ஒரு மாணவி கேட்டாள். கணக்கைக் கொடுத்தேன்: 4 ஒளியாண்டு தூரம், ஒளியின் வேகத்தில் 80 சதவீதம், போய்த் திரும்ப வேண்டும். இரண்டு வழியில் போட்டும் பூமியில் 10 ஆண்டு, கலத்தில் 6 ஆண்டு என்றே வந்தது. அப்புறம் அவள் அதைக் கேட்கவில்லை. இத்தகைய கட்டுரைகளோடு இப்படி ஒரு எண் கணக்கையும், காலவெளி வரைபடத்தையும் பெட்டிச் செய்தியாகப் போடலாமே.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மதுரை